பழைய சுண்ணாம்புக் கட்டட வீட்டின் பின்னால் புதுக் கட்டடம் சேர்ப்பது: எங்கே ஒட்டலாம், எங்கே விலகி நிற்கணும்?

பின்கட்டு:
வணக்கம். கிட்டத்தட்ட நூறு வருட மாடி வீடு. செங்கல், சுண்ணாம்புக் கலவை. கீழ்த்தளச் சுவர் 18 அங்குலம், மாடிச் சுவர் 13½. மாடித் தளம் மர உத்திரத்தின் மேல், கூரை ஓட்டுச் சாய்ப்பு. பின்சுவரை ஒட்டி 14 அடிக்கு 20 அடியில் இரண்டு தளம் சேர்க்கத் திட்டம். கீழே சமையலறை, மேலே ஒரு படுக்கையறை. பழைய மாடியில் ஒரு மூலையைத் தடுத்துக் குளியலறையும் வேண்டும்.

வரைபடத்தில் இருப்பது இதுதான்: பழைய சுவரில் துளை போட்டுக் கம்பி சொருகி, புது கான்கிரீட் பீமை அதோடு பிணைப்பது. சமையலறைக்குப் போக பின்சுவரில் 8 அடி அகலத்துக்குத் திறப்பு. பின்சுவரில் காரை உதிர்வதால் முழுச் சுவருக்கும் சிமெண்ட் பூச்சு. இந்த மூன்றில் எது சரி, எதை மாற்றணும்? காரணத்தோடு சொன்னால் பொறியாளரிடம் பேச உதவும்.

அடிமண்:
பிணைப்பதை முதலில் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பழைய கடைக்காலுக்கு (அஸ்திவாரத்துக்கு) கீழே உள்ள மண் இத்தனை வருடம் எடை வாங்கி இறுகிவிட்டது. புதுக் கடைக்காலுக்குக் கீழே உள்ள மண் இனிமேல்தான் அமுங்கும். மணல் என்றால் வேலை முடிவதற்குள் பெரும்பகுதி அமுங்கிவிடும், களிமண் என்றால் வருடக்கணக்கில் இழுக்கும். இரண்டையும் கம்பியால் கட்டிவிட்டால், புதுசு இறங்கும்போது பழைய சுவரையும் சேர்த்து இழுக்கும். சுண்ணாம்புக் கலவைச் சுவர் மெல்லிய அசைவைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. சேர்ந்த இடத்தில் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல் விழுவது இதனால்தான். வேதிப்பசை போட்டு எவ்வளவு ஆழமாகக் கம்பி சொருகினாலும், அது பிடித்திருப்பது ஒன்றிரண்டு செங்கல்லைத்தான்.

அதனால் புதுக் கட்டடம் தன் காலில் தானே நிற்கணும். முதல் வேலை, பின்சுவர் ஓரமாக இரண்டு இடத்தில் 3 அடிக்கு 3 அடி குழி, கையால் மட்டும் தோண்டிப் பார்ப்பது. மூலையில் தோண்டாதீர்கள். கடைக்கால் எவ்வளவு ஆழம், சுவரிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது, அடியில் என்ன மண் என்று அளந்து எழுதிவிட்டு, அன்றே 6 அங்குலம் 6 அங்குலமாக மண் போட்டு இடித்து மூடிவிடுங்கள்.

அடுத்தது தூரக் கணக்கு. பழைய கடைக்காலின் அடி விளிம்பிலிருந்து 45 டிகிரியில் கீழே ஒரு கோடு போடுங்கள். புது வானம் (கடைக்காலுக்குத் தோண்டும் குழி) அந்தக் கோட்டை வெட்டக் கூடாது, வெட்டினால் பழைய கடைக்காலைத் தாங்கும் மண் பக்கவாட்டில் நழுவும். உதாரணத்துக்கு, பழையது 3 அடி ஆழம், சுவரிலிருந்து 1 அடி நீட்டம். புதுசு 5 அடி ஆழம் போகணும். ஆழ வித்தியாசம் 2 அடி. எனவே புதுக் குழியின் விளிம்பு சுவரிலிருந்து 3 அடி தள்ளித்தான் ஆரம்பிக்கணும். அடித்தளம் 3 அடி அகலம் என்றால் தூணின் மையம் சுவரிலிருந்து 4½ அடியில் வரும். அங்கிருந்து பீமைப் பழைய சுவரை நோக்கி நீட்டி, சுவருக்கு 1 அங்குலம் முன்னால் நிறுத்திவிடுங்கள். 14 அடியில் 4½ நீட்டம், மீதி 9½ தூணுக்கும் தூணுக்கும் நடுவே. கையாளக்கூடிய அளவுதான், ஆனால் இந்த நீட்டத்தில் முக்கியக் கம்பி மேல்பக்கம் வரும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அதைக் கீழே இறக்கிவிடுவதுதான் நீட்டுத் தளங்கள் தொங்குவதற்குப் பெரிய காரணம். மேல்கம்பியைத் தாங்கி நிறுத்தும் சேர் கம்பி நெருக்கமாக வைத்து, நடக்கப் பலகை போடச் சொல்லுங்கள்.

அந்த 4½ அடிப் பட்டையில் செங்கல் சுவர் எழுப்பாதீர்கள். இரண்டு பக்கமும் மரச்சட்டம், கண்ணாடி போதும். நீட்டத்தின் முனையில் எடை குறையும். அதோடு பழைய வீட்டுக்கும் புதுசுக்கும் நடுவே ஒரு கழுத்து மாதிரி ஆகிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் பழைய வீட்டின் மூலை முழுசாகத் தெரியும்.

கழுத்து வந்துவிட்டால் 8 அடித் திறப்பும் தேவைப்படாது. பின்சுவரில் ஏற்கனவே ஜன்னல் இருக்குமே? அதன் மேல் வளைவையும் பக்கச் சுவரையும் தொடாமல், கீழ்ப்பகுதியை மட்டும் தளம் வரை வெட்டினால் வாசல் கிடைத்துவிடும். மேலிருந்து வரும் பாரம் ஜன்னலின் இரண்டு பக்கமாகத்தான் இறங்குகிறது.

காரைக்கரண்டி:
பூச்சு விஷயத்துக்கு வருகிறேன். காரை உதிர்வது நோய் இல்லை, அறிகுறி. எங்கிருந்து ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) வருகிறது என்று கண்டுபிடிக்காமல் எதைப் பூசினாலும் உதிரும். மூன்று இடம் பாருங்கள். வெளி மண்மட்டம் உள்தளத்துக்கு 6 அங்குலமாவது கீழே இருக்கிறதா? வருடா வருடம் மண்ணும் தளக்கல்லும் ஏறி ஏறி சமமாகிவிட்ட வீடுகள் நிறைய. இறவாணத்தில் (கூரையின் கீழ் விளிம்பில்) தண்ணீர் எங்கே ஒழுகுகிறது? உள்ளே அண்மையில் பிளாஸ்டிக் விரித்து கான்கிரீட் தளம் போட்டிருக்கிறதா? தளத்தின் வழியாக ஆவியாகிக்கொண்டிருந்த ஈரம் அதன் பிறகு சுவரில் ஏறும்.

பழைய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கி, வெளியே விட்டு வாழ்கிறது. சிமெண்ட் பூச்சு அந்த வாசலை அடைக்கிறது. முதல் சில வருடம் கல் மாதிரி நிற்கும். பின்னால் ஈரம் தேங்கி, உப்பு பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பெயர்த்துக்கொண்டு பாளமாக விழும். சுண்ணாம்புக் காரை உதிர்ந்தால் மறுபடி பூசலாம், செங்கல்லின் முகம் போனால் திரும்ப வராது. சுவரை விடப் பூச்சு எப்போதும் மென்மையாக இருக்கணும்.

செய்முறை: தட்டினால் லொடலொட என்று கேட்கும் பகுதியை மட்டும் எடுங்கள், கெட்டியாக இருப்பதை விட்டுவிடுங்கள். உப்பு பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள், தண்ணீர் ஊற்றினால் உப்பு மறுபடி உள்ளே போகும். செங்கல் இடுக்குகளை அகலத்தைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்குக் கை உளியால் சுரண்டுங்கள். கிரைண்டர் வேண்டாம், பழைய செங்கல்லின் ஓரம் வெட்டுப்பட்டால் உள்ளே இருக்கும் மென்மையான பகுதி வெளிப்பட்டுவிடும்.

கலவை, ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, சொரசொரப்பான மணல் 3 பங்கு. சுண்ணாம்பு குறைந்தது மூன்று மாதம் நீருக்கடியில் ஊறியிருந்தால் நல்லது. சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றுவதாக இருந்தால் தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போடணும், சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் அருகில் விடாதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வை போகும்.

சுவரை முந்தைய நாளே நனைத்து, பூசும்போது ஈரமாக, ஆனால் தண்ணீர் வழியாமல் இருக்கணும். ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். குறைந்தது ஒரு வாரம் விட்டு, கட்டைவிரல் பதியாமலும் நகம் மட்டும் பதியும்படியும் இருந்தால் அடுத்த பூச்சு. ஈரச் சாக்கு தொங்கவிட்டு வெயில், காற்று நேரே படாமல் காப்பாற்றுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகுகிறது, அதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் ஒரே நாளில் காய்ந்தால் இறுகாமல் பொடியாகும். "சீக்கிரம் பிடிக்கட்டும்" என்று ஒரு கரண்டி சிமெண்ட் சேர்ப்பார்கள், கூடவே நின்று தடுங்கள்.

மேலே சுண்ணாம்பு வெள்ளை, தண்ணீர் மாதிரி மெல்லியதாக 4, 5 கை. எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் இத்தனை வேலையும் வீண்.

உத்திரக்கட்டை:
அடிமண் சொன்ன ஜன்னல் யோசனைக்கு என் ஓட்டும் உண்டு. ஒரு திருத்தம் மட்டும்: வெட்டும் முன் அந்த ஜன்னலுக்கு நேர் மேலே உத்திரம் உட்கார்ந்திருக்கிறதா, வளைவில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் முட்டு. வெட்டும்போது இரண்டு ஓரமும் அறுத்துவிட்டு, மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுங்கள். உடைக்கும் டிரில் வேண்டாம், அதிர்வில் பக்கச் சுவரின் கலவையும் கலகலத்துவிடும். தளமட்டத்துக்குக் கீழே ஒரு கல்கூட எடுக்காதீர்கள், பாரத்தைக் கடைக்காலில் பரப்புவது அந்த வரிசைகள்தான்.

குளியலறையைப் பழைய மாடியில் வைக்காதீர்கள். 2 அங்குலக் கலவைத் தளமும் டைல்ஸும் சேர்ந்தால் சதுர அடிக்குச் சுமார் 12 கிலோ. 5 அடிக்கு 8 அடி அறைக்குத் தரை மட்டுமே 480 கிலோ. 4½ அங்குலச் செங்கல் தடுப்பு 9 அடி உயரத்துக்கு, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 600 கிலோ வரும். மர உத்திரம் உடனே முறியாது, மெதுவாகத் தொய்யும். தொய்ந்தால் டைல்ஸ் இடுக்கு விரியும், இடுக்கில் தண்ணீர் இறங்கும். அந்தத் தண்ணீர் சேரும் இடம் சுவருக்குள் புதைந்த உத்திர முனை, காற்றே படாத இடம். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தங்கினால் மரம் உளுக்க ஆரம்பிக்கும், கரையானும் வரும். வெளியே தெரியும்போது முனை போயிருக்கும்.

ஈரமான அறை எல்லாம் புதுக் கட்டடத்தில், சமையலறைக்கு நேர் மேலே வையுங்கள். குழாயும் ஒரே செங்குத்தில் இறங்கிவிடும்.

இருக்கும் உத்திரங்களின் முனையைக் கூர்மையான ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் சில மில்லிமீட்டரே இறங்கும், இழுத்தால் நீளநாராக வரும். உளுத்ததில் எளிதாக இறங்கி, துண்டாக முறியும். முனை மட்டும் போயிருந்தால் முழு உத்திரத்தை மாற்ற வேண்டாம். நல்ல மரம் வரை அறுத்து, அதே இன மரத்தை இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்து போல்ட் போட்டு இணைக்கலாம். புது முனையைச் சுவரில் வைக்கும்போது பக்கத்திலும் மேலேயும் அரை அங்குலம் காற்றுக்கு விடுங்கள், கலவையால் அடைக்காதீர்கள்.

வயரிங்: சுவரில் செங்குத்தாக வெட்டினால் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் கூடாது, படுக்கையாக என்றால் ஆறில் ஒரு பங்கு. உத்திரத்தில் துளை போட்டே ஆகணும் என்றால் உயரத்தின் நடுவில், உயரத்தில் கால் பங்குக்கு மேல் போகாமல். அடிப்பக்கம் வெட்டவே வேண்டாம், இழுவை எல்லாம் அங்கேதான்.

பின்கட்டு:
மிக்க நன்றி. ஜன்னல் இருக்கிறது, 4 அடி அகலம், மேலே வளைவு. குளியலறையை மாற்றிவிடுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. புதுக் கட்டடத்தைப் பழைய வீடு மாதிரியே வளைவு, தூண் வைத்துச் செய்யலாமா? 1 அங்குல இடைவெளியை எப்படி மூடுவது, மழைத் தண்ணீர் இறங்காதா?

இறவாணம்:
பழைய மாதிரியே நகல் வேண்டாம். 1964 வெனிஸ் சாசனம் (பழைய நினைவுச்சின்னங்களைக் காப்பதற்கான சர்வதேச ஆவணம்) தொடங்கி, பழைய கட்டடங்களைக் காக்கும் நெறிகள் வலியுறுத்துவது, புதிதாகச் சேர்த்தது பழையதோடு இசையணும், ஆனால் வேறு என்று அடையாளம் தெரியணும் என்று. நடைமுறையில், அளவை எடுத்துக்கொள்ளுங்கள், அலங்காரத்தை விட்டுவிடுங்கள். பழைய ஜன்னலின் உயர அகல விகிதம், இரண்டு ஜன்னலுக்கு நடுவே உள்ள சுவர் அகலம், கூரைச் சரிவு, இந்த மூன்றும் ஒத்துப்போனாலே கண்ணுக்கு உறுத்தாது. கான்கிரீட்டில் வார்த்த போலித் தூண் பக்கத்தில் நிற்கும் அசலையும் சந்தேகிக்க வைக்கும்.

உயரத்தில் கவனம். மாடித் தள மட்டத்தைப் பழையதோடு சமமாக வைத்து, மாடி அறையின் உயரத்தை மட்டும் குறையுங்கள். பழையது 12 அடி என்றால் புதுசுக்கு 9 போதும். கூரை பழைய இறவாணத்துக்குக் கீழே அடங்கிவிடும். பழைய கூரையை வெட்டிக் கூடுவாய் (இரண்டு சரிவு கூடும் பள்ளம்) போட வேண்டிய அவசியமே வராது. புதுக் கூரை பழைய சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரியட்டும். இரண்டு கூரையும் ஒன்றையொன்று பார்த்துச் சரிந்து நடுவில் தட்டையான கால்வாய் வந்தால், ஒரு மழைக்கு இலை அடைத்து, தண்ணீர் பின்சுவருக்குள் இறங்கும்.

இடைவெளிக்கு: கான்கிரீட் போடும்போது தெர்மகோல் அட்டை வைத்து, பிறகு சுத்தமாக எடுத்துவிடுங்கள். உள்ளே விழுந்த கலவையையும் எடுக்கணும். கைப்பிடி அளவு கலவை அங்கே இறுகினாலும் இரண்டு கட்டடமும் அந்த இடத்தில் முட்டும். மழை மறைப்பை இரண்டு தகடாகச் செய்யுங்கள். ஒன்று புதுக் கூரையிலிருந்து 6 அங்குலம் மேலே எழும்பும். இன்னொன்று பழைய சுவரின் படுக்கை இடுக்கில் 1 அங்குலம் ஆழம் சொருகி, சுண்ணாம்புக் கலவையால் அடைத்து, முதல் தகட்டின் மேல் வெளிப்பக்கமாக மடிந்து தொங்கும். இரண்டையும் ஒன்றோடொன்று ஆணியடிக்கவோ பற்றவைக்கவோ கூடாது, வழுக்கி நகர இடம் வேண்டும். உள்ளே வாசற்படியில் பித்தளைப் பட்டையோ மரச்சட்டமோ போட்டு மூடலாம், திருகு ஒரு பக்கம் மட்டும். சுவர் மூலைக்கும் அதே மாதிரி.

அடிமண்:
ஒன்று விட்டுப்போயிற்று. பின்சுவரில் இப்போது இருக்கும் விரிசல் ஒவ்வொன்றின் இரு பக்கமும் ஒரு பித்தளைத் திருகு பதித்து, நடுவே உள்ள தூரத்தை வெர்னியரால் (நுண்ணளவுகோலால்) அளந்து தேதியோடு எழுதுங்கள். மழைக்காலம், வெயில்காலம் இரண்டையும் பார்த்த அளவு கையில் இருந்தால் அது பருவத்துக்கு விரிந்து சுருங்குவதா, தொடர்ந்து வளர்வதா என்று தெரியும். வானம் தோண்டும் வாரங்களில் இரண்டு நாளுக்கு ஒரு முறை அளங்கள். அரை மி.மீ. கூடினாலும் தோண்டுவதை நிறுத்தி, குழியை மண் போட்டு மூடிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.