பதிவு எண் இல்லாத சங்கமும் தொழிலாளர் நீதிமன்றமும்

குடந்தைக் கணக்கர்: கும்பகோணம் அருகே ஒரு நெல் ஆலையில் 2016-இல் நீக்கப்பட்ட சுமைதூக்கும் தொழிலாளர்களுக்காகப் பதிவு பெறாத சங்கம் ஒன்று திருச்சித் தொழிலாளர் நீதிமன்றம் வரை சென்றதாக, நேற்று ஒருவர் இங்கே பெருமையடித்துக்கொண்டார். பதிவு எண் இல்லாத சங்கம் எழுப்பும் தகராறை விசாரிக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது. அப்போது நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், தொழிற்சங்கம் என்றால் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி பதிவானது என்று பிரிவு 2(கியூகியூ)-இல் தெளிவாகவே கூறியது.

மன்னார்குடியான்: அந்த 'ஒருவர்' நான்தான்; பெயரைச் சொன்னால் ஆலை முதலாளிகள் தங்கள் கணக்கு வேலையைப் பறித்துவிடுவார்கள் போலும். பீகார் மாநிலம் எதிர் கிருபா சங்கர் ஜெய்ஸ்வால் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்து, 1961-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான தீர்ப்பைத் தாங்கள் ஒருமுறையேனும் படித்ததுண்டா? பதிவு பெற்ற சங்கம் ஆதரித்தால்தான் அது தொழில் தகராறு ஆகும் என்பது தவறு என்று அதில் இருக்கிறது.

குடந்தைக் கணக்கர்: படித்திருக்கிறேன் ஐயா. 2(கியூகியூ) 1982-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 1984-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய தீர்ப்பைக் காட்டிப் பதிவு எண் இல்லாமல் எவ்வளவு தூரம் போவீர்கள்?

மன்னார்குடியான்: தகராறு என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு 2(கே)-இல், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே எழுவது என்றுதானே இருந்தது, அங்கே பதிவு எண்ணைக் கேட்கும் சொல் ஏதேனும் இருந்ததா? 1984-க்குப் பிறகும் அந்தப் பிரிவில் அப்படி ஒரு சொல் நுழையவில்லை. பதிவில்லாத சங்கம் சட்டப்படி தனி நபர் ஆகாது, தன் பெயரில் சொத்து வைத்திருக்கவோ வழக்காடவோ அதற்கு இயலாது, 1926 சட்டத்தின் பிரிவு 17, 18 தந்த பாதுகாப்பும் அதற்கு இல்லை என்பதையெல்லாம் நான் மறுக்கவே இல்லை. அந்தக் குறைகள் சங்கத்துக்கு உரியவை. அவற்றை நீதிமன்றத்தின் அதிகாரத்தின்மீது ஏற்றுவதற்குத் தாங்கள் யார்? 1961 தீர்ப்பை மறுபடியும் படியுங்கள்.

வெண்ணாற்றங்கரை: இருவரும் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நீக்கப்பட்ட தொழிலாளி, சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து உரிய காலம் கழிந்தபின், 1947 சட்டத்தின் பிரிவு 2ஏ-இன்படி தன் பெயரிலேயே தொழிலாளர் நீதிமன்றத்தை அணுக முடிந்தது. தமிழ்நாட்டுத் திருத்தம் 1988-இலும் மத்தியத் திருத்தம் 2010-இலும் அதற்கு வழிவிட்டன. ஆகவே இந்த வழக்கில் சங்கம் தேவையே இல்லை.

குடந்தைக் கணக்கர்: நான் பேசுவது தனியாளைப் பற்றியன்று, பதிவு எண் இல்லாத சங்கத்தைப் பற்றி.

மன்னார்குடியான்: நானும் அதைப் பற்றித்தான். வெண்ணாற்றங்கரையார் இரு தரப்பையும் தாலாட்ட வேண்டியதில்லை.

நாகை ரயிலடி: பதிவு எண்ணைப் பற்றிக் கும்பகோணத்துக் கணக்கர்கள் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை இருந்த ஊர் இது. 1928 ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகத் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனபோது எந்த எண் காப்பாற்றியது?

பொன்மலைத் தொழிலாளி: பணிமனை எங்கள் ஊருக்கு வந்த பிறகும் நாகையார் அதை விடுவதாக இல்லை. பதிவின் அருமை சென்னை ஆலைத் தொழிலாளர்களுக்கே முதலில் தெரியும். பின்னி ஆலை நிர்வாகம், சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர் வாடியா மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடை வாங்கிய பிறகுதான் 1926 சட்டத்துக்கான குரல் வலுத்தது.

நாகை ரயிலடி: பணிமனை வந்ததா, பறிக்கப்பட்டதா என்பதை முதலில் சொல்லுங்கள்.

குடந்தைக் கணக்கர்: பொன்மலையார் என் வாதத்தையே நிறுவுகிறார். பாதுகாப்பு வேண்டியவர் பதிவு செய்கிறார். ஏழு பேருக்குக் குறையாமல், ஆலைத் தொழிலாளர்களில் பத்து விழுக்காட்டினரோ நூறு பேரோ, இதில் எது குறைவோ அந்த அளவுக்கு உறுப்பினர்கள் இருந்தால் போதும். அதைக்கூடச் செய்யாத சங்கத்தின் சந்தாக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் மன்னார்குடியாருக்குக் கோபம் வருகிறது.

மன்னார்குடியான்: சந்தாவுக்கும் நீதிமன்ற அதிகாரத்துக்கும் என்ன தொடர்பு? இரண்டு ஆண்டுகளுக்கு முன் கூலி உயர்வு விவாதத்தில் பதில் இல்லாமல் போனபோதும் இதே சந்தாவைத்தான் இழுத்தீர்கள். பதிவு செய்யப் போன ஏழு பேரையும் மறுவாரமே ஆலை வாசலில் நிறுத்திவிட்டால் பதிவாளரா சோறு போடுவார்? 1947 சட்டத்தின் பிரிவு 36-இன்படி, எந்தச் சங்கத்திலும் சேராத தொழிலாளிக்காக அதே தொழிலில் உள்ள சக தொழிலாளியே முன்னிற்கலாம் என்றிருக்க, எண் எங்கே, எண் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

வெண்ணாற்றங்கரை: 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, இந்தச் சட்டங்களையே ஒன்றாக்கித் தொழிலாளர் நீதிமன்றத்தின் இடத்தில் தீர்ப்பாயத்தை வைத்துவிட்டது என்பதையும் இருவரும் கணக்கில் கொள்ளலாம்.

மன்னார்குடியான்: நீக்கம் நடந்தது 2016-இல். கணக்கர் 1961-க்குப் பதில் சொல்லட்டும்.

குடந்தைக் கணக்கர்: தாங்கள் பதிவு எண்ணைச் சொல்லுங்கள், நான் பதில் சொல்கிறேன்.