கோல்ஃபில் ஸ்லைஸோடு மல்லுக்கட்டிய கதை: உங்கள் ஸ்விங் எப்படித் திருந்தியது?

கோவை டென்னிஸ்பால்:

வலது கைக்காரன் நான். பந்து கிளம்பும்போது கொஞ்சம் இடப்பக்கமாகத்தான் போகும். நூறு கஜம் தாண்டியதும் யாரோ கூப்பிட்ட மாதிரி வலப்பக்கம் திரும்பி மரங்களுக்குள் புகுந்துவிடும். இதற்குப் பெயர்தான் ஸ்லைஸ். இரண்டு வருடம் இதே கதை.

முப்பது வயது வரை டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடியவன். கோல்ஃபுக்கு வந்தது தொழிலில் பழகிய ஒருவர் செட்டிபாளையத்துக்குக் கூட்டிப் போனதால். ஓடி வரும் பந்தையே அடித்தவனுக்கு நிற்கிற பந்து என்ன பெரிய விஷயம் என்ற திமிர் இருந்தது. முதல் நாள் ஒன்பது குழி முடிவதற்குள் ஆறு பந்து தொலைந்தது. திமிரும் அங்கேயே தொலைந்தது.

அப்புறம் செய்ததுதான் தப்பு. சனி, ஞாயிறு ரேஞ்சுக்கு (பந்தடித்துப் பழகும் இடம்) போய் ஒரே மூச்சில் 150 பந்து அடிப்பேன். பந்து வலப்பக்கம் போகிறதே என்று இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்பேன். அப்படி நின்றால் கிளப்பும் (அடிக்கும் மட்டை) வெளியிலிருந்து உள்ளே, பந்தைச் சீவுகிற மாதிரி வெட்டிக்கொண்டு வரும். சீவச் சீவ சுழற்சி கூடும், பந்து இன்னும் அதிகமாக வளையும். சரி, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நிற்போம் என்று நினைப்பேன். கடைசியில் ஃபேர்வேக்கு (குழி நோக்கிப் போகும் புல்பாதை) முக்கால்வாசி மார்பைக் காட்டி நின்றுகொண்டிருந்தேன். நான் பயிற்சி செய்ததெல்லாம் ஸ்லைஸைத்தான். அதில் மட்டும் நன்றாகத் தேறியிருந்தேன்.

வயதான ஒரு கோச்சிடம் போனேன். ஒரு பந்துகூட அடிக்கச் சொல்லவில்லை. "கையுறையைக் காட்டுங்க" என்றார். இடது உள்ளங்கையில், மணிக்கட்டை ஒட்டி, ஓட்டை விழுந்திருந்தது. "உள்ளங்கையில பிடிக்கிறீங்க, அடிக்கும்போது கிரிப் நழுவுது. விரல்ல பிடிக்கணும்" என்றார். பிடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் இடது கையில் ஒரு விரல் முட்டிதான் தெரிந்தது. இரண்டு, இரண்டரை முட்டி தெரிகிற அளவுக்குக் கையை வலப்பக்கம் திருப்பி வைத்தார். மூன்று வாரம் அது வேறு யாருடைய கை போலவே இருந்தது. பல தடவை பழைய பிடிக்கே ஓடிவிடலாம் என்று தோன்றியது.

ஏன் பிடியில் தொடங்கினார் என்பது பிறகுதான் புரிந்தது. பந்து கிளம்பும் திசையை ஸ்விங் (கிளப்பை வீசும் வீச்சு) போகும் பாதை தீர்மானிக்கிறது என்றுதான் பல காலம் சொல்லிக்கொடுத்தார்கள். டென்மார்க்கின் டிராக்மேன் மாதிரியான ரேடார் கருவிகள் வந்த பிறகு கதை மாறிவிட்டது. கிளம்பும் திசை பெரும்பாலும் அடிபடும் கணத்தில் கிளப்பின் முகம் எங்கே பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. முகத்துக்கும் பாதைக்கும் இடையில் உள்ள கோணம்தான் பந்தை வளைக்கிறது. என் கிளப்பின் முகம் பாதையைவிடத் திறந்து, அதாவது வலப்பக்கம் பார்த்து, இருந்தது. அதை மூடாமல் பாதையை மட்டும் திருத்தியிருந்தால் பந்து நேராக வலப்பக்கக் காட்டுக்கே போயிருக்கும்.

பாதையைத் திருத்த வந்தது பாட்டில் டிரில் என்ற பயிற்சி. டிரைவரின் (அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப்) தலையுறையை வைத்துச் செய்வதுதான் வழக்கம், நான் காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்தேன். பந்துக்கு அந்தப் பக்கம், ஒரு கிளப் தலை நுழைகிற இடம் விட்டு, பந்துக்குக் கொஞ்சம் பின்னால் படுக்க வைக்க வேண்டும். வெளியிலிருந்து வெட்டினால் கிளப் பாட்டிலில் படும், உள்ளிருந்து வந்தால் படாது. முதல் நாள் 20 அடியில் 17 தடவை பாட்டில் பறந்தது. அதில் ஒன்று பக்கத்துத் தடுப்பில் நின்ற பெரியவரின் டீ டம்ளரைத் தட்டிவிட்டது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, "நானும் இதே வியாதிக்காரன்தான் தம்பி" என்றார்.

இந்த டிரில் எனக்குப் பிடித்துப்போனது அது பொய் சொல்லாது என்பதற்காக. பாட்டில் பறந்தால் தப்பு, நின்றால் சரி, அவ்வளவுதான். என் உடம்பு சொன்னதெல்லாம் பொய் என்பது மொபைலில் வீடியோ எடுத்த அன்று தெரிந்தது. பந்துக்குப் பின்னால், குறியை நோக்கி, கை உயரத்தில் மொபைலை வைத்தேன். கிளப்பை வலப்பக்கமாக வீசி எறிகிற மாதிரி, ரொம்பவும் மிகைப்படுத்தி ஆடுகிறேன் என்று நினைத்து அடித்தேன். வீடியோவில் பாதை வெறும் நேராக இருந்தது. "மிகை" என்று எனக்குப் பட்டதுதான் சரியான அளவு. சரி என்று பட்டதெல்லாம் பழைய வெட்டு.

இப்போது ஒரு நாளைக்கு 60 பந்துதான். முதல் 20 பாட்டிலோடு. அடுத்த 20 இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து 7 அயர்ன் என்ற இரும்புக் கிளப்பில் அரை ஸ்விங். தோளை முந்தவிட்டால் தடுமாறிவிடுவோம், அதனால் உடம்பு தானாக அடங்குகிறது. கடைசி 20இல் ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் குறியையும் மாற்றுவேன். ஒரே கிளப்பில் வரிசையாக அடிக்கும்போது பத்தாவது பந்து அழகாகப் போகும். மைதானத்தில் பத்தாவது பந்து என்று ஒன்று கிடையாது.

ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 26இலிருந்து 19க்கு வந்திருக்கிறது, ஒன்றரை வருடத்தில். டிரைவரில் இன்னும் லேசாக வலப்பக்கம் சாய்கிறது. அதோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டேன். உங்களுக்கு எது வேலை செய்தது?

மிருதங்க ஓய்வூதியர்:

தம்பி, எனக்கு 64 வயது. சென்னையில் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். என் கோளாறு பாதையும் இல்லை, பிடியும் இல்லை, அவசரம். மேலே போன கிளப் ஒரு கணம் ஓய்வதற்குள் கீழே இழுத்துவிடுவேன். வாழ்க்கையில் நிதானமான ஆள் என்றுதான் வீட்டில் பெயர்.

தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஸ்விங்கைக் கணக்கிட்டுப் பார்த்தால், பின்னால் தூக்க எடுக்கும் நேரம் கீழே வந்து அடிக்கிற நேரத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு. வேகமாக ஆடுபவர், மெதுவாக ஆடுபவர் இருவருக்கும் இந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். இதற்கு ஆங்கிலத்தில் ஏதேதோ எண்ணச் சொல்கிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. சின்ன வயதில் ஐந்து வருடம் மிருதங்கம் கற்றவன். சதுஸ்ர நடையில் (நான்கு எண்ணிக்கைத் தாளம்) "தகதிமி" என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். "த"வில் கிளப் கிளம்பும், "மி"யில் உச்சிக்குப் போகும், அடுத்த சமத்தில், அதாவது மறுபடி வரும் "த"வில், பந்தில் விழ வேண்டும். மூன்றுக்கு ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது! முதலில் பந்து இல்லாமல், வீட்டு மொட்டை மாடியில் ஒரு வாரம். காற்றை வெட்டும் சத்தம் பந்து இருக்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும், தோளுக்குப் பின்னால் கேட்டால் தாளம் தப்பிவிட்டது என்று அர்த்தம். கிளப்பைத் தலைகீழாகப் பிடித்து வீசினால் இந்தச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

இன்னொன்று. இடுப்பு திரும்பாத வயதில் இடது குதிகாலை ஊன்றியே வைத்துக்கொண்டு முறுக்காதீர்கள். கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸே பின்ஸ்விங்கில் குதிகாலைத் தூக்கித்தான் ஆடினார். எனக்கு முதுகுவலி பாதி குறைந்தது அதனால்தான்.

சிங்கை மேட்:

கோவை அண்ணா, பாட்டில் கதை சூப்பர். என் பிரச்சினை வேறு. இங்கே சிங்கப்பூரில் பெரும்பாலும் மாடி மாடியாகக் கட்டிய ரேஞ்சில், பிளாஸ்டிக் புல் பாயில், அதாவது மேட்டில்தான் பயிற்சி. 2024 ஜூன் கடைசியில் மெரினா பே மைதானமும் மூடிய பிறகு, மெம்பர்ஷிப் இல்லாத ஆளுக்குப் புல்லைப் பார்ப்பதே குதிரைக் கொம்பு.

மேட்டில் நான் ராஜா. மலேசியாவின் ஜொகூர் போய்ப் புல்லில் அடித்தால் பந்துக்கு ஒரு சாண் பின்னாலேயே கிளப் மண்ணில் குத்தி, பந்து இருபது கஜம் தவழ்ந்து நிற்கும். மூன்று தடவை போய் மூன்று தடவையும் இதே அவமானம். காரணம் எளிது. மேட்டில் பின்னால் குத்தினாலும் கிளப் வழுக்கி முன்னால் வந்து பந்தை எடுத்துவிடும். சத்தமும் நன்றாகத்தான் இருக்கும். தப்பு தெரியவே தெரியாது. அதிர்ச்சி முழுக்க முழங்கைக்குப் போகும், எனக்கு ஆறு மாதம் வலி இருந்தது.

திருத்தியது ஒரு கைத்துண்டு. நாலாக மடித்துப் பந்துக்கு ஒரு சாண் பின்னால் போட்டுவிட்டு, துண்டைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும். முதல் வாரம் பந்தைவிடத் துண்டுதான் அதிக தூரம் போனது. எடையை வலது காலிலேயே வைத்துக்கொண்டு பந்தை "தூக்கி விட" முயன்றதுதான் மூலகாரணம். பந்தைத் தூக்குவதற்குத்தான் கிளப்பின் முகத்தைச் சாய்த்துச் செய்திருக்கிறார்கள், 7 அயர்னில் முப்பது டிகிரி அளவுக்கு. நாம் தனியாகத் தூக்க வேண்டியதில்லை.

புல் மைதானம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. பங்க்கரில், அதாவது மைதானத்து மணல் பள்ளத்தில், ஒரு கோடு போட்டு, கோட்டின் மேல் பந்து இருப்பதாக நினைத்து ஸ்விங் செய்யுங்கள். மணலில் குழி கோட்டுக்கு முன்னால், குறியின் பக்கம் விழ வேண்டும். முடிந்ததும் மணலைச் சமன் செய்துவிட்டு வாருங்கள், புண்ணியமாகப் போகும்.

ஊட்டிப் பழைய கேடி:

எல்லாரும் நல்லா எழுதறீங்க. நான் பள்ளி விடுமுறையில் ஊட்டி மைதானத்தில் கேடியாக, அதாவது ஆடுபவர்களுக்கு கிளப் பை தூக்குபவனாக, இருந்தவன். எங்களுக்கு டிரில் என்று எதுவும் தெரியாது. ஆளுக்கு ஒரு கிளப்கூடக் கிடையாது, யாரோ கொடுத்த பழைய அயர்ன் ஒன்றை ஆறு பேர் மாற்றி மாற்றி ஆடுவோம். அதே கிளப்பில்தான் நூறு கஜமும் அடிக்க வேண்டும், பத்து கஜமும் அடிக்க வேண்டும். கை தானாகவே அளவு கற்றுக்கொண்டது. மேடு பள்ளத்தில் நின்று ஆடியதால் பாதம் ஊன்றவும் தெரிந்துகொண்டோம். 2009இல் இந்தியன் ஓபன் கோல்ஃப் போட்டியை ஜெயித்த முனியப்பாவும் கேடியாக இருந்து வந்தவர்தான்.

நான் பார்த்த உறுப்பினர்கள் பாதிப் பேர் பயிற்சிக்கு வந்தால் டிரைவரைத்தான் உருவுவார்கள். ஒரு ரவுண்டில் டிரைவரை எடுக்கிற வாய்ப்பு அதிகபட்சம் 14 தடவை, அதுவும் எல்லா நீளக் குழியிலும் எடுத்தால். பச்சையை (குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரை) சுற்றி முப்பது கஜத்துக்குள் ஆடும் அடிகளையும், பச்சையில் பந்தை உருட்டும் புட்டையும் எண்ணிப் பாருங்கள். அதற்கு யாரும் வேர்வை சிந்துவதில்லை. இடுப்பிலிருந்து இடுப்புவரை மட்டும் ஸ்விங், அதிலேயே பந்து நடுவில் படவில்லை என்றால் முழு ஸ்விங்கில் எங்கிருந்து படும்? இந்த அரை ஸ்விங்கை ஒரு மாதம் செய்யுங்கள், வேறெதுவும் வேண்டாம்.

வீடியோ விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, கோவைக்காரர் மன்னிக்கணும். ஒவ்வொரு அடிக்கும் மொபைலைப் போய்ப் பார்க்கிறவன் மைதானத்திலும் தன் முழங்கையைத்தான் யோசிப்பான். குழியில் நிற்கும் கொடியைப் பார்த்து ஆட வேண்டும்.

(ஊட்டிக்கு வந்து ஆடினால் தூரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 7,000 அடிக்கு மேல் காற்று லேசு, பந்து கூடுதலாகவே பறக்கும். கீழே இறங்கியதும் அந்தத் தூரம் காணாமல் போகும். எத்தனையோ பேர் "என் ஸ்விங் திருந்திடுச்சு" என்று சந்தோஷமாக மேட்டுப்பாளையம் இறங்கியிருக்கிறார்கள்.)

ஷாங்க் ராணி:

பெயரிலேயே தெரிந்திருக்கும், என் வியாதி ஷாங்க். கிளப் முகத்தில் பட வேண்டிய பந்து, தண்டு சேரும் கழுத்தில் பட்டு நேர் வலப்பக்கம் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு உயிர் பயம். நாலு மாதம் பெண்கள் யாரும் என் வலப்பக்கத் தடுப்பில் நிற்கவில்லை, சத்தியமாக.

நான் முதலில் போன பயிற்சியாளர் ஒரே மந்திரம்தான் சொல்வார், "தலையைத் தூக்காதீங்க". தலையைத் தூக்காமல்தான் ஷாங்க் செய்துகொண்டிருந்தேன். தலையை அசைக்கக் கூடாது என்று பயந்து பயந்து தோள்கூடத் திரும்பவில்லை.

வழி காட்டியது ஒயிட்போர்டு மார்க்கர். பந்தின் பின்புறம் ஒரு பெரிய புள்ளி வைத்து அடித்தால் கிளப் முகத்தில் எங்கே பட்டது என்று மை ஒட்டிக் காட்டும். பத்து பந்துக்கும் மை கழுத்துப் பக்கமே. அதாவது கீழே வரும்போது நான் பந்தை நோக்கிச் சாய்கிறேன். எடை முன்பாதத்துக்கு, விரல் நுனிக்குப் போய்விடுகிறது. பந்துக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் தள்ளி ஒரு டீயை (பந்தை வைக்கும் சின்ன ஆணி) குத்தி, அதைத் தொடாமல் பந்தை மட்டும் அடிக்கப் பழகினேன். கூடவே ஷூவுக்குள் கால் விரல்களைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொண்டு அடித்தேன். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் விரல் மேலே இருந்தால் முன்னால் சாய முடியாது.

மூன்று வாரத்தில் மை நடுவுக்கு வந்தது. இப்போதும் போட்டி நாளில் முதல் குழியைத் தொடங்கும் இடத்தில் நிற்கும்போது விரலைத் தூக்கித்தான் நிற்கிறேன். யாருக்கும் தெரியாது.

கேடி அண்ணா, வீடியோ வேண்டாம் என்கிறீர்கள் சரி, மார்க்கருக்கு அனுமதி உண்டா?

ஊட்டிப் பழைய கேடி:

மார்க்கருக்கு உண்டு தாயி. அது பந்தைத்தானே பார்க்கச் சொல்கிறது.

கோவை டென்னிஸ்பால்:

கேடி சார் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ரேஞ்சில் வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் வீடியோ, மைதானத்தில் மொபைல் பைக்குள். வீடியோ இல்லையென்றால் நான் இன்னும் எனக்கே பொய் சொல்லிக்கொண்டிருப்பேன், அதை மட்டும் விட மாட்டேன்.

மிருதங்க சாருக்கு ஒரு தகவல். இன்று காலை ரேஞ்சில் தகதிமி போட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து பந்து சமத்துக்கு முன்பே விழுந்தது. ஆறாவது பந்தில் தாளம் சரியாக இருந்தது, பந்தும் நேராகப் போனது. ஏழாவதில் சந்தோஷத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல. பக்கத்துத் தடுப்பிலிருந்து அந்த டீ டம்ளர் பெரியவர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, பாட்டில் போய் இப்ப கச்சேரியா?" என்றார். பாட்டில் அன்று காரிலேயே இருந்தது. எட்டாவது பந்து, வழக்கம்போல, வலப்பக்கம்.