கார் ரேடியோவில் எல்லா எண்களுக்கும் மேல்கோடு மறைகிறது: வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

சத்துவாச்சாரியிலிருந்து

வணக்கம். எங்கள் கார் 2008-இல் வாங்கியது. வண்டியோடு வந்த ரேடியோதான் இன்றும் இருக்கிறது. ஒலியில் ஒரு குறையும் இல்லை. திரைதான் தொல்லை தருகிறது. காலையில் வண்டியை எடுக்கும்போது எண்கள் முழுதாக இருக்கின்றன. வேலூர் வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் எல்லா எண்களின் தலைக்கோடும் காணாமல் போய்விடுகிறது. 7 என்பது 1 ஆகிவிடுகிறது, 0 மேலே திறந்து ‘ப’ போல் நிற்கிறது. கடிகாரத்தில் மணி ஏழா ஒன்றா என்றே தெரிவதில்லை.

கடையில் திறந்துகூடப் பார்க்காமல், செட்டையே மாற்றிவிடுங்கள் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. இந்த ரேடியோவின் பொத்தான்களை அவர் தடவியே அறிவார். 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலியைத் தானே வைத்துக் கேட்பார். புதுச் செட்டின் தொடுதிரையில் அது முடியாது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து

ஐயா, மாற்ற வேண்டாம். ஒரே கோடு எல்லா எண்களிலும் சேர்ந்து மறைவது நல்ல அடையாளம். இத்தகைய திரைகளில் எல்லா எண்களின் மேல்கோட்டுக்கும் பெரும்பாலும் ஒரே பொதுத் தொடர்பு இருக்கும். அந்த ஓரிடத்தில் தொடர்பு விட்டுப்போனால் எல்லாத் தலைகளும் ஒன்றாகப் போய்விடும். திரை செத்திருந்தால் கரும்புள்ளி பரவியிருக்கும்.

கோடு மறைந்திருக்கும்போது திரையின் ஓரங்களைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தினால் கோடு வருகிறது?

சத்துவாச்சாரியிலிருந்து

இடது மேல்மூலையில் அழுத்தினால் உடனே வருகிறது, கையை எடுத்தால் போய்விடுகிறது. திரையின் பின்விளக்கு நன்றாகவே எரிகிறது.

குடியாத்தத்திலிருந்து

கழற்றுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள் அண்ணா. நான் அவசரப்பட்டு பேட்டரி வயரைக் கழற்றினேன். மீண்டும் மாட்டியதும் ரேடியோ நான்கு இலக்க ரகசிய எண்ணைக் கேட்டது. அந்த அட்டை எங்கே போனதோ, பல மாதம் ஊமை ரேடியோவோடு வண்டி ஓட்டினேன். முதலில் வண்டியின் கையேட்டில் அந்த எண் இருக்கிறதா என்று தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய செட் என்பதால், என்னைக் கேட்டால் மாற்றுவதே நல்லது.

ராணிப்பேட்டையிலிருந்து

ரகசிய எண் பற்றித் தம்பி சொன்னது மிகச் சரி. மாற்றுவதைத்தான் ஏற்க மாட்டேன். அழுத்தினால் கோடு வருகிறது என்றால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு ரேடியோவை வெளியே எடுங்கள். பின்னால் உள்ள கனெக்டர்களை வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். முன்முகத்தின் பிளாஸ்டிக் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்தால் திரை தெரியும். கண்ணாடிக்கும் சர்க்யூட் பலகைக்கும் நடுவே மெல்லிய ரப்பர் பட்டை இருக்கிறதா பாருங்கள். அதற்குள் மின்சாரம் கடத்தும் அடுக்கும் கடத்தாத அடுக்கும் மாறி மாறி இருக்கும்; ஜீப்ரா ரப்பர் என்பார்கள். வெயிலில் பிளாஸ்டிக் சட்டம் நெகிழ்ந்தாலோ ரப்பரில் தூசி படிந்தாலோ தொடர்பு விட்டுப்போகும்.

எப்படி இருந்தது என்று முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரை இழுக்காதீர்கள், விரல் எண்ணெய் படக்கூடாது. பஞ்சு உதிராத துணியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து ரப்பரையும் கண்ணாடி விளிம்பையும் துடையுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் கூடவே கூடாது. அது பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பலகையில் தங்க நிறப் பட்டைகள் என்றால் பென்சில் அழிப்பானால் இலேசாகத் தேய்க்கலாம். கறுப்புக் கார்பன் பூச்சு என்றால் தேய்க்கவே வேண்டாம், பூச்சு உரிந்துவிடும். நன்றாக உலர்ந்த பிறகு பூட்டுங்கள்.

ரப்பருக்குப் பதிலாகப் பலகையில் ஒட்டிய மெல்லிய நாடா இருந்தால், அதோடு நிறுத்திவிட்டு எழுதுங்கள். அதைச் சூடுவைத்து ஒட்ட வேண்டும். கை பழகாதவர்கள் செய்தால் நாடா கருகிவிடும்.

சத்துவாச்சாரியிலிருந்து

ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். ரப்பர்தான்! ரகசிய எண் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது, அப்பாவின் கையெழுத்து. இடது மேல்மூலை ஸ்குரூ அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது, ரப்பரின் அந்த முனையில் செம்மண் தூசி. நீங்கள் சொன்னபடியே துடைத்து உலரவிட்டுப் பூட்டினேன். பிறகு வண்டியை நடுப்பகல் வெயிலில் மூன்று மணி நேரம் நிறுத்தினேன். ஒரு கோடும் மறையவில்லை. அப்பா உள்ளே உட்கார்ந்து 720 வைத்தார். திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய், “ஏழு, ஏழாகவே இருக்கிறது” என்றார்.

உங்கள் இருவருக்கும் மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: அந்த ஸ்குரூவை இன்னும் இறுக்க வேண்டுமா?

ராணிப்பேட்டையிலிருந்து

வேண்டாம் ஐயா. அதிகம் இறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும். நான்கு மூலைகளும் ஒரே அளவு பிடித்திருந்தால் போதும். அக்னி நட்சத்திரம் முடியும்வரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். கோடு மறைந்தால் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது அதன் நீளம், அகலம், உயரத்தை அளந்து எழுதுங்கள், அதே அளவில் வேறு பட்டை தேடலாம்.