கேப்டனை எல்லோரும் கொலைகாரர் என்கிறார்கள்: தராசு எங்கே சாய்கிறது?

விண்கல்_7:
ஸ்டார் டிரெக் விண்வெளித் தொடரின் உலகத்தில் நடக்கும் 14 நிமிட ரசிகர் படம், ரஃப் கட் (முதல்கட்டத் தொகுப்பு) நிலையில் இருக்கிறது. காற்று வடிகட்டி பழுதான 40 கன மீட்டர் அறைக்குள் 5 பேர். கதவுக்கு அந்தப் பக்கம் 3 பேர். அங்கே காற்று கசிகிறது. மீட்புக் கப்பல் வர 20 மணி நேரம். ஆக்சிஜன் போதாது என்று கேப்டன் கதவைத் திறக்க மறுக்கிறார். அவர் செய்தது சரியா தவறா என்று பார்ப்பவர் திணற வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் போட்டுக்காட்டிய 9 பேரும் கேப்டன் கொலைகாரர் என்றே சொல்கிறார்கள். கதவு மூடுவது 6-வது நிமிடம். அவர் காரணம் சொல்வது 11-வது நிமிடம். மூடும்போது சோக வயலின், கேப்டனுக்கு லோ ஆங்கிள் (கீழிருந்து மேல்நோக்கி எடுத்தது). ஒரு நாள் ரீஷூட் சாத்தியம். கூடவே, சுவரில் உள்ள எல்.இ.டி. பட்டைகள் தெரியும் ஷாட்களில் கருங்கோடுகள் ஓடுகின்றன.

வெட்டுமேசை:
பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 6-ல் தீர்ப்பு எழுதிவிட்டு 11-ல் சாட்சி சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும். கணக்குப் போடும் காட்சியை 4-வது நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். முடிவெடுக்கும் நொடியில் கேப்டனுக்குத் தெரிந்தது அத்தனையும் பார்ப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் கூடாது.

வயலினை எடுத்துவிடுங்கள். அறையின் விசிறி இரைச்சலை மட்டும் ஓடவிட்டு, கதவு மூடும்போது அதையும் நிறுத்துங்கள். ரீஷூட்டில் கேப்டனையும் அந்த மூவரையும் ஒரே லென்ஸில், ஒரே கண்மட்டத்தில் எடுங்கள். கேப்டனை உணர்ச்சி காட்டாத முகத்தோடு 10 நொடி தனியாக எடுத்து வையுங்கள். 1920-களை ஒட்டி சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் காட்டியது இதைத்தான்: ஒரே முகம், அடுத்து வரும் ஷாட்டைப் பொறுத்துப் பசியாகவும் துக்கமாகவும் தெரியும். அந்த முகத்துக்குப் பின் அழும் முகத்தை வெட்டாதீர்கள், அறையின் காற்று நிலையைக் காட்டும் மானியைக் காட்டுங்கள்.

காற்றுக்கணக்கு:
வெட்டு சரியானாலும் கணக்கு இடிக்கும். மூடிய அறையில் முதலில் ஆளை வீழ்த்துவது ஆக்சிஜன் குறைவு இல்லை, கார்பன் டை ஆக்சைடு. 1970-ல் அப்போலோ 13 வீரர்களை நெருக்கியதும் அதுதான். அந்த வாயுவை நீக்கும், கட்டளைக் கலத்தின் சதுர வடிகட்டி, நிலவுக் கலத்தின் வட்டத் துளைக்குள் போகவில்லை.

ஒருவர் ஒரு நாளில் சுமார் 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியிடுவார், அதாவது 0.55 கன மீட்டர். உங்கள் அறையில் 20 மணி நேரத்தில் 5 பேர் என்றால் 5.7 சதவீதம்: கடும் தலைவலி, மூச்சிரைப்பு. 8 பேர் என்றால் 9.2: மயக்கம், உயிராபத்து. இப்படிக் கறாராக இருந்தால் விடை ஒன்றுதான், அங்கே குழப்பத்துக்கு இடமே இல்லை. "20 மணி" என்பதை "14 முதல் 22 மணிக்குள்" என்று மாற்றுங்கள். 14-ல் கப்பல் வந்தால் 8 பேர் இருந்தாலும் 6.4 தான், பிழைக்க வாய்ப்புண்டு. 22 என்றால் 10-ஐத் தாண்டும். கேப்டன் எந்த எண்ணை நம்பினார் என்பதுதான் இப்போது அறக்கேள்வி.

இன்னொன்று. 10-வது மணியில் அந்த 5 பேரோடே அறை 3 சதவீதத்தை நெருங்கும், தலை கனக்கத் தொடங்கும். அப்போது அவர் அதே கணக்கை மறுபடி போட்டு வேறு விடை பெறட்டும். முதல் விடை தவறா, இரண்டாவதா? எனக்கு மிகவும் பிடித்த சாத்தியம் இதுதான்.

ஒளிவட்டம்:
கோடுகளுக்குக் காரணம் டிம்மர். அது வெளிச்சத்தைக் குறைப்பதில்லை, வேகமாக அணைத்து அணைத்து எரிக்கிறது. கேமரா சென்சார் வரிவரியாகப் படிப்பதால் அணைந்த கணங்கள் கோடாகின்றன. டிம்மரை முழு அளவில் வைத்து, பட்டைமேல் டிரேசிங் தாளோ என்.டி. ஜெல்லோ (சாம்பல் நிற வடிகட்டித் தாள்) ஒட்டிக் குறையுங்கள். நொடிக்கு 24 பிரேம் என்றால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஷட்டர் 1/50, 60 ஹெர்ட்ஸில் 1/60. எடுத்து முடித்த ஷாட்களில் டிஃப்ளிக்கர் (மினுக்கலைக் குறைக்கும் மென்பொருள்) ஓரளவுதான் உதவும். முகத்தின் மேல் கோடு ஓடினால் திரும்ப எடுப்பதே நல்லது.

நீளத்தையும் கவனியுங்கள். ஸ்டார் டிரெக் உரிமை வைத்திருந்த சி.பி.எஸ்.–பாரமவுண்ட் ரசிகர் படங்களுக்கு 2016-ல் வகுத்த விதிகளின்படி தனிக்கதை 15 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். தலைப்பில் 'ஸ்டார் டிரெக்' வரக்கூடாது. ரசிகர் தயாரிப்பு என்ற துணைத்தலைப்பு கட்டாயம். தொடரின் காட்சித்துண்டுகளையும் சேர்க்க முடியாது.

விண்கல்_7:
4-வது நிமிடத்துக்கு மாற்றிப் பார்த்தேன், இப்போதே எடை கூடுகிறது. கப்பல் எப்போது வந்தது என்று காட்டாமலே முடிக்கலாமா?

வெட்டுமேசை:
முடிக்கலாம். 14-ல் வந்ததாகக் காட்டினால் கேப்டன் குற்றவாளி, 22 என்றால் தியாகி.

காற்றுக்கணக்கு:
நான் ஒப்பவில்லை. மறைத்தால் இயக்குநர் நழுவியதாகத் தெரியும். 17-வது மணியில் வரட்டும். 8 பேர் இருந்திருந்தால் 7.8 சதவீதம், பிழைத்திருப்பார்களா என்று ஒரு மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது. கேப்டன் கடிகாரத்தைப் பார்க்கட்டும், அதோடு வெட்டுங்கள்.