பீட்டில் காபரேட்டர்: எடுப்பில் முக்குது, உதவி தேவை

வணக்கம் அண்ணாமார். கார் 1969 வொக்ஸ்வாகன் பீட்டில், இருக்கிற இடம் கிளிநொச்சி. பழைய 1300 இஞ்சினைக் கழட்டிப்போட்டு 1600 டூவல் போர்ட் இஞ்சின் ஏத்தி மூன்று மாதம். காபரேட்டர் (பெற்றோலையும் காத்தையும் கலக்கிறது) சோலெக்ஸ் 34 பிக்ட்-3. டிஸ்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறி பிரிச்சுக் குடுக்கிறது) பொஷ் 009, அதிலை வக்கூம் அட்வான்ஸ் இல்லை, அதாவது இஞ்சின் உறிஞ்சுறதை வைச்சுப் பொறியை முந்தப்பண்ணாது, சுத்துற வேகத்தை வைச்சு மட்டும்தான். பெற்றோல் 92 ஒக்டேன் தான்.

ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடேக்கை) நல்லா நிக்குது. ஏ9 வீதியில் 60க்கு மேலே பிடிச்சால் சொகுசு. ஆனால் நிண்ட இடத்திலிருந்து அக்சிலேட்டரை மிதிச்சால் ஒரு கணம் செத்து, முக்கி, பிறகுதான் இழுக்குது. ஏ9 ஓரத்து முறிகண்டிப் பிள்ளையாருக்கு நிப்பாட்டாமல் போகவும் மனமில்லை, நிப்பாட்டினால் எடுக்கேக்கை பின்னால் வாற பஸ்காரன் ஹோர்ன் அடிச்சே கொல்லுறான்.

காபரேட்டரை இரண்டுதரம் கழட்டிக் கழுவியாச்சு. பம்ப் டயப்ரம் புதுசு, மிதிக்கேக்கை பெற்றோல் பீச்சுறதைக் கண்ணாலை பார்த்தன். மனிபோல்ட் அடியில் காத்து இழுக்கேல்லை. வால்வ் இடைவெளி குளிரில் 0.15 மி.மீ. டைமிங் (பொறி விழுற நேரம்) 3500 ஆர்பிஎம்மில் 30 பாகை. மெயின் ஜெட்டை (வேகத்திலை பெற்றோல் விடுற துளை) 127.5 இலிருந்து 130 ஆக்கியும் ஒரு மாற்றமும் இல்லை. பிளக் நுனி கொஞ்சம் வெள்ளை, பெற்றோல் காணாது போல.

இங்கத்தைய கராஜில் "வெபர் காபரேட்டர் போடு" எண்டினம். அதுக்குக் காசில்லை.

009ஐ வைச்சுக்கொண்டு ஐடில் ஜெட்டை (ஐடிலிலும் மிதிக்கத் தொடங்கேக்கையும் பெற்றோல் விடுற துளை) 55இலிருந்து 60 ஆக்கினால் சரிவருமோ, அல்லது வக்கூம் அட்வான்ஸ் உள்ள டிஸ்ரிபியூட்டர்தான் ஒரே வழியோ?