பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகம் படிக்கும்போது உங்களை விடாம துரத்துற ஒரு வசனம், ஒரு சம்பவம்... பகிருங்க

நானே ஆரம்பிக்கிறேன். எங்க காலை தியான குழு பத்து பேர், ஆளுக்கொரு நாள் முறை வச்சு ஒரு பகுதி வாசிச்சு ரெண்டு நிமிஷம் பேசணும், அவ்வளவுதான். அதுல ஒரு தம்பி திடீர்னு பாதியில போயிட்டான், காரணம் சொல்லல. எட்டு மாசம் கழிச்சு திரும்ப வரேன்னு கேட்டப்போ நான்தான் "பாதியில விட்டுட்டுப் போறவங்களுக்கு இது சரிவராது தம்பி"ன்னு சொன்னேன். மத்தவங்க சொல்லி சேர்த்தாங்க. அவன் சேர்ந்த மூணாவது நாள் என் முறை, வந்த பகுதி 15:36லேர்ந்து. முன்னாடியே பார்க்காம நேரா வாசிக்க ஆரம்பிச்சுட்டேன். மாற்குவையும் கூட்டிட்டுப் போகலாம்னு பர்னபா சொல்ல, பம்பிலியாவில நம்மள விட்டுப் போனவன கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு பவுல் சொல்ற இடம் வருதுல்ல, அங்க என் வாய் காஞ்சுபோச்சு. ஆன்லைன் கால்ல யாரும் பேசல. அதுவரைக்கும் ஆன்ல இருந்த அவன் மைக் மட்டும் ம்யூட் ஆச்சு. அந்த சின்ன சிவப்பு கோடு இன்னும் கண்ணுலயே இருக்கு. அடுத்த நாள்லேர்ந்து அவன் வரல.

—————

எனக்கு ஐத்திகுங்கிற பையன் கதை. பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசினாரு, பையன் ஜன்னல்ல உட்கார்ந்து தூங்கி மூணாவது மாடியிலேர்ந்து விழுந்தான்னு சொன்னதும் எங்க ஞாயிறு பள்ளி பசங்க எல்லாம் சிரிச்சாங்க, நானும் சேர்ந்து சிரிச்சேன். ஒரு பொண்ணு மட்டும் சிரிக்காம "அவன் பகல்ல வேலைக்குப் போயிருப்பானா?"ன்னு கேட்டா. அவ வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். பதில் சொல்லாம அடுத்த வசனத்துக்குப் போயிட்டேன். இதுதான் என் கதை.

—————

முதல்ல எழுதினவருக்கு. நீங்க தேவையில்லாம குற்ற உணர்ச்சியில இருக்கீங்கன்னு தோணுது. பவுல் சொன்னது தப்புன்னு வேதத்துல எங்கயும் இல்ல. பம்பிலியாவில இருக்கிற பெர்கேயில மாற்கு திரும்பிட்டான், 13:13, காரணமே எழுதல. அதுக்கு அப்புறம் பவுலும் பர்னபாவும் டாரஸ் மலையைத் தாண்டி பிசீதியா அந்தியோகியா போகணும், அங்கேர்ந்து துரத்தப்பட்டு இக்கோனியா, அங்கயும் கல்லெறியப் பார்த்தாங்க, அப்புறம் லீஸ்திராவில நிஜமாவே கல்லடி. இவ்வளவு பட்டவருக்கு அடுத்த பயணத்துக்கு யாரை நம்பலாம்னு யோசிக்க உரிமை இல்லையா? 15:40 பாருங்க, இதுனால ரெண்டு பேரும் பிரிஞ்சு போனப்போ சகோதரர்கள் தேவகிருபைக்கு ஒப்புக்கொடுத்தாங்கன்னு பவுலைப் பத்திதான் எழுதியிருக்கு, பர்னபாவைப் பத்தி இல்ல. குழு நடத்துறவங்களுக்கு என் ஆலோசனை, முறைப் பட்டியலை ஒரு வாரம் முன்னாடியே போடுங்க, பகுதியை முன்னாடியே வாசிங்க, யாரைப் பத்தியாவது மனசுல இருந்தா முறையை மாத்திக்கோங்க, திரும்ப வர்றவங்கள முதல்ல ஒரு மாசம் கேட்க மட்டும் விடுங்க, உடனே பொறுப்பு கொடுக்காதீங்க, நான் பதினாலு வருஷமா நடத்துறேன், இப்படித்தான். என் அனுபவம்னு தனியா ஒண்ணும் இல்ல, நானும் ஒருத்தனை அனுப்பியிருக்கேன், அவன் இப்ப நல்லா இருக்கான்னு கேள்விப்பட்டேன்.

—————

கேள்விப்பட்டீங்க, சரி. ஆனா பவுலையே எருசலேம்ல யாரும் நம்பாதப்போ கையோட கூட்டிட்டுப் போய் அப்போஸ்தலர்கள் முன்னாடி நிறுத்தினது யாரு? இதே பர்னபாதான், 9:27. அவரு இல்லேன்னா பவுலுக்கு முதல் பயணமே இல்ல. அதை விட்டுட்டு 15:40ஐ மட்டும் பிடிச்சா எப்படி?

நாங்க கத்தோலிக்கர், இந்தப் புத்தகத்தை திருத்தூதர் பணிகள்னு சொல்லுவோம், பாஸ்கா காலம், அதாவது ஈஸ்டர் காலம் முழுக்க தினமும் திருப்பலியில முதல் வாசகம் அதுதான். அம்மாவுக்கு பார்வை மங்கினப்புறம் நான்தான் வாசிச்சுக் காட்டுவேன். பைபிள் கடைசியில பவுல் பயணம் வரைபடம் இருக்கும்ல, மூணு கலர் கோடு, அது மேல அம்மா விரலைப் பிடிச்சு நகர்த்துவேன், இது சைப்ரசு, இது பெர்கேன்னு. அன்னைக்கு லிஸ்திரா, 14:19. கல்லால அடிச்சு, செத்துட்டான்னு ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டாங்க, சீடர்கள் சுத்தி நிக்கும்போது எழுந்து திரும்ப அதே ஊருக்குள்ள போறாரு. அம்மா விரல் அங்கயே நின்னுடுச்சு, நான் நகர்த்தப் பார்த்தாலும் வரல. "ஏன்டா திரும்ப உள்ளயே போனாரு? கூட இருந்தவங்க பிடிச்சு நிறுத்தலயா?"ன்னாங்க. மறுநாள் தெர்பைக்குப் போயிட்டாரும்மான்னேன். "அது மறுநாள். அன்னைக்கு ராத்திரி எங்க படுத்தாரு, காயத்துக்கு யாரு மருந்து போட்டா?" அதெல்லாம் எழுதலம்மான்னு சொன்னேன். எழுதியிருக்கணும்னு சொன்னாங்க. அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு, அந்தப் பக்கத்துல லிஸ்திரா மேல மட்டும் காகிதம் லேசா தேஞ்சு இருக்கு.

—————

மேல உள்ள பதிவைப் படிச்சுட்டு என் கதையை எழுத மனசு வரல, சும்மா ஒண்ணு மட்டும். முதல் சகோதரரே, அதே பவுல்தான் 2 தீமோத்தேயு 4:11ல மாற்குவைக் கூட்டிட்டு வா, ஊழியத்துக்கு அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்னு எழுதினாரு. ஆனா தயவுசெஞ்சு அந்த வசனத்தை அந்தத் தம்பிக்கு அனுப்பிடாதீங்க. போன் பண்ணி மன்னிப்பு கேளுங்க. வசனம் அனுப்புறது மன்னிப்பு கேட்கிறது ஆகாது, எனக்கு ஒருத்தர் அப்படி அனுப்பினாரு, இன்னும் கோபம் போகல.

—————

நான்தான் முதல்ல எழுதினவன். லேட்டா சொல்லிட்டீங்க, நேத்து ராத்திரியே அனுப்பிட்டேன். அதுவும் கீழ கைகூப்புற படத்தோட. ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு. இப்ப போன் பண்ணா எடுப்பானான்னு தெரியல, சாயங்காலம் பண்ணிப் பார்க்கிறேன்.