போன வருடம் போட்ட கேஸ் எங்கே போயிற்று?

திருவான்மியூர், சென்னை

எங்கள் படுக்கையறையில் இருப்பது ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. முதல் இரண்டு கோடைகளும் குறையில்லாமல் ஓடிய அது, மூன்றாம் கோடையில் கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் வெறும் காற்றை மட்டும் வீசத் தொடங்கியது. வந்த மெக்கானிக் வெளி யூனிட்டில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "சார், கேஸ் கம்மியா இருக்கு, ஏத்திட்டா சரியாயிடும்" என்றார். ஏற்றினார், அன்றிரவு போர்வை தேடும் அளவுக்குக் குளிர்ந்தது. அடுத்த கோடையிலும் அதே கோளாறு, அதே மருந்து, சற்றுக் கூடுதலான கட்டணம். இந்த ஆண்டு மூன்றாம் முறையாக அவர் சிலிண்டரோடு வந்து நின்றபோதுதான், போன வருடம் போட்ட கேஸ் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றியது. "ஓட ஓடக் குறையும் சார்" என்று பதில் வந்தது.

அந்தப் பதில் தவறு என்பதற்கு எங்கள் சமையலறையிலேயே சாட்சி இருக்கிறது. 14 ஆண்டுகளாக இரவும் பகலும் ஓடும் குளிர்சாதனப் பெட்டிக்கு இதுவரை ஒருமுறைகூட கேஸ் ஏற்றியதில்லை. இரண்டிலும், முதலில் அடைத்த குளிரூட்டும் கேஸேதான் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அது பெட்ரோலைப்போல எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றே பொருள். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நானே சோதிக்க உட்கார்ந்தேன்.

முதலில் வலை ஃபில்டரைக் கழுவி மாட்டினேன், பலன் இல்லை. பிறகு, கம்பி முனையுள்ள சிறிய டிஜிட்டல் வெப்பமானியை உள் யூனிட்டின் மேற்புறம் காற்று நுழையும் இடத்திலும், கீழே வெளியேறும் இடத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். நுழையும் காற்று 31 டிகிரி, வெளிவரும் காற்று 26 டிகிரி. நன்றாக ஓடும் ஏசியில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 10 டிகிரி இருக்க வேண்டும். வெளி யூனிட்டில் இரண்டு செம்புக் குழாய்கள் சேரும் இடத்தில், மெல்லிய குழாயின் வால்வு மீது வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. கேஸ் குறைந்ததற்கு அது நல்ல அடையாளம். ஆக, மெக்கானிக் சொன்ன நோய் சரி, காரணம்தான் தவறு.

ஏசியை நிறுத்திவிட்டு வால்வுகளைக் கூர்ந்து பார்த்தபோது, தடித்த குழாயின் விரித்த முனையை இறுக்கியிருந்த ஃப்ளேர் நட்டைச் சுற்றி மட்டும் தூசி எண்ணெயில் ஊறிக் கறுத்து, விரலில் பிசுபிசுவென ஒட்டியது. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சிறிதளவு சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். பாத்திரம் கழுவும் சோப்பை நுரைத்துத் தடவினேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு நட்டின் கீழ்விளிம்பில் கடுகளவு குமிழி ஒன்று மெல்ல உப்பி உடைந்தது, அதே இடத்தில் அடுத்தது முளைத்தது. இரண்டு கோடைப் பணமும் அந்தக் கடுகு வழியாகத்தான் போயிருக்கிறது.

அடுத்து அழைத்த மெக்கானிக் வேறு மாதிரியானவர். குழாயின் விரிந்த முனையை வெட்டிப் புதிதாக விரித்து இறுக்கினார். நைட்ரஜனை அடைத்து ஒரு மணி நேரம் கேஜின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று காத்திருந்தார். வாக்குவம் பம்பால் காற்றையும் ஈரத்தையும் இழுத்தார். கடைசியில் சிலிண்டரைத் தராசில் நிறுத்தி, வெளி யூனிட்டின் லேபிளில் எழுதியிருந்த எடைக்கு ஆர்32 கேஸை ஏற்றினார். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகத்துக்கேற்ப அழுத்தம் மாறிக்கொண்டே இருப்பதால், கேஜை மட்டும் பார்த்து அளவு சொல்லிவிட முடியாது என்று விளக்கினார். அந்த கேஸ் தீப்பற்றக்கூடியது என்பதால் வேலை முடியும்வரை பக்கத்தில் யாரையும் புகைக்க விடவில்லை. இப்போது வித்தியாசம் 11 டிகிரி.

மதுரை

திருவான்மியூர்க்காரரைப் போல எனக்கும் "கேஸ் கம்மி" என்றுதான் சொன்னார்கள். ஆனால் என் வீட்டில் அது பொய்யாக இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் நன்றாகக் குளிரும் ஏசி, பிற்பகலில் மட்டும் திணறியது. கேஸ் பற்றாவிட்டால் இரவிலும் இப்படிக் குளிராதே என்ற சந்தேகத்தில் வெளி யூனிட்டின் பின்புறத்தை, அதாவது சுவரைப் பார்த்திருக்கும் பக்கத்தை, கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தேன். முன்பக்கம் புதிதுபோல் இருந்த யூனிட்டின் முதுகில், புறா இறகும் துணிப் பஞ்சும் தூசியும் சேர்ந்து கம்பளம்போல் அப்பியிருந்தன. அறையிலிருந்து வாங்கிய வெப்பத்தை அந்த அலுமினியத் தகடுகள் வழியாகத்தான் வெளியே விட வேண்டும். வெயில் நேரத்தில் அதற்கு வழியே இல்லாமல் போயிருக்கிறது. ஏசிக்கு மின்சாரம் போகும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, மிதமான அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் செய்தேன். கார் கழுவும் ஜெட்டைக் கொண்டுவந்தால் விடாதீர்கள். தகடுகள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

சேலம்

திருவான்மியூரிலிருந்து எழுதியவரைப் போல நானும் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் 10 டிகிரி இருந்தது. ஏசியில் கோளாறே இல்லை. எங்களுடையது மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறை. ஒரு டன், அதாவது மணிக்கு 12,000 பிடியு வெப்பத்தை மட்டுமே இழுக்கக்கூடிய ஏசி. ரிமோட்டில் 24ஐ 18 ஆக்கியதில் மின் கட்டணம்தான் கூடியது. அறை 28க்குக் கீழே இறங்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு நாற்காலியில் ஏறி மேல்தளத்தைத் தொட்டால், இஸ்திரி போட்ட சட்டையைத் தொட்டதுபோல் இருந்தது. இரண்டு டன் வாங்கச் சொன்ன கடைக்காரருக்குப் பதில் சொல்லாமல், முதலில் மாடித் தரைக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறேன். அடித்து ஒன்பது நாள் ஆகிறது. நேற்று இரவு அறை 26க்கு வந்தது.